பீமைத் தலைகீழாகப் போட்ட அரசுக் கட்டடம்: சான் பிரான்சிஸ்கோ ஃபெடரல் பில்டிங், ஒரு நிகழ்வு ஆய்வு

எந்த அலுவலகத்துக்குள் போனாலும் என் கண் முதலில் மேலேதான் போகும். தொழில் புத்தி. ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்று விலகியிருந்தால், அந்த இடுக்கு வழியாக, தளத்தைத் தாங்கும் பீம் எவ்வளவு ஆழம், ஏசி காற்றைக் கொண்டுபோகும் டக்ட் அதை எப்படித் தாண்டுகிறது என்று எட்டிப் பார்ப்பேன். சான் பிரான்சிஸ்கோவில் 7வது தெருவும் மிஷன் தெருவும் சேரும் மூலையில் நிற்கும் ஃபெடரல் பில்டிங்கின் மேல்தளங்களில் அந்த வேலைக்கே இடமில்லை. அங்கே ஃபால்ஸ் சீலிங் இல்லை, தலைக்கு மேல் ஏசி டக்டும் இல்லை. அலை அலையாக வளைந்த வெறும் கான்கிரீட்தான் கூரை. பீமையும் காணோம். அது காலுக்குக் கீழே, தூக்கிப் போட்ட தரைப் பலகைக்கு அடியில் இருக்கிறது.

பீமை ஸ்லாபுக்கு, அதாவது மாடியின் கான்கிரீட் தளத்துக்கு, மேலே தூக்கிப் போட்ட இந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு போனால் முழுக் கட்டடமும் புரிந்துவிடும் என்று நினைக்கிறேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் கட்டடம் என்றதும் சூரியத் தகடு, எல்இடி விளக்கு, திறமையான ஏசி என்றுதான் பேச்சு போகும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு அதில் என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கட்டடத்தில் ஏசி செய்ய வேண்டிய வேலையைச் செய்வதே அவர் போட்ட ஸ்லாப்தான்.

முதலில் அடிப்படை விவரங்கள். அமெரிக்க மத்திய அரசின் கட்டடங்களைக் கட்டிப் பராமரிக்கும் பொதுச் சேவைகள் நிர்வாகத்துக்காக 2007ல் முடிந்த கட்டடம் இது. 18 மாடி, 234 அடி உயரம், மொத்தப் பரப்பு சுமார் 6,05,000 சதுர அடி, செலவு சுமார் 14.4 கோடி டாலர். கட்டடக் கலைஞர் தாம் மேனின் மார்ஃபசிஸ் நிறுவனம். ஸ்ட்ரக்சுரல், மெக்கானிக்கல் இரண்டையும் பார்த்தது அரூப் நிறுவனம். காற்றோட்டக் கணக்கை லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் கணினியில் போட்டுப் பார்த்துக் கொடுத்தது. ஸ்ட்ரக்சுரல் ஆளும் மெக்கானிக்கல் ஆளும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். பெரும்பாலான வேலைகளில் இந்த இருவரும் சந்தித்துக்கொள்வதே பீமில் ஓட்டை போட அனுமதி கேட்கும் நாளில்தான்.

அகலம் ஏன் 65 அடி?

கோபுரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு தடித்த அட்டையை நிறுத்தி வைத்ததுபோல இருக்கும். அகலம் சுமார் 65 அடி மட்டுமே, அதாவது 20 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு பரப்புள்ள அலுவலகத்தை வழக்கமாகக் கட்டுபவர்கள் இதைப்போல் இரண்டு மடங்கு அகலத்தில், நடுவில் லிஃப்ட், கழிவறை எல்லாம் வைத்துக் கொழுத்த பெட்டியாகக் கட்டியிருப்பார்கள். வெளிச்சுவரின் பரப்பு குறையும், செலவும் குறையும். ஆனால் நடுவில் உட்காருபவருக்கு ஜன்னல் எட்டாத தூரம். அவருக்குக் காற்றும் வெளிச்சமும் இயந்திரம் வழியாகத்தான் வர வேண்டும்.

குறுக்கே காற்று ஓட வேண்டுமென்றால் ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. தரைக்கும் கூரைக்கும் உள்ள உயரத்தைப்போல் ஐந்து மடங்கு ஆழம் வரைதான் ஒரு பக்க ஜன்னலில் நுழைந்த காற்று மறுபக்கம் உருப்படியாகப் போய்ச் சேரும். அதற்கு மேல் போனால் வழியிலேயே சூடாகி, அழுக்காகி, கடைசி மேசைக்காரருக்குப் பழைய காற்றுதான் கிடைக்கும். 20 மீட்டர் அகலத்துக்கு 4 மீட்டர் உயரம் வேண்டும். மூன்று மீட்டர்தான் கிடைக்கும் என்றால் அகலம் 15 மீட்டரோடு நின்றுவிட வேண்டியதுதான். ஆகவே உயரத்தில் ஒவ்வொரு அங்குலமும் இங்கே காசு. பீமும் டக்டும் ஃபால்ஸ் சீலிங்கும் சேர்ந்து வழக்கமாக விழுங்கும் ஒரு மீட்டரை இந்தக் கட்டடத்தால் கொடுக்க முடியாது.

கொலராடோ மாநிலம் கோல்டனில் தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2010ல் கட்டிய அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் வேறு, தட்பவெப்பம் வேறு, கட்டியவர்களும் வேறு. அதன் சிறகுகளின் அகலம் 60 அடி. பகல் வெளிச்சமும் குறுக்குக் காற்றும் வேண்டும் என்று தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே அகலத்தில்தான் வந்து நிற்கிறார்கள். (அந்தக் கட்டடத்தில் பழைய எரிவாயுக் குழாய்களைத் தூண்களாக நிறுத்தினார்கள். அது தனிக் கதை.)

காற்றுக்குக் குறைவில்லாத ஊர் சான் பிரான்சிஸ்கோ. பசிபிக் கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று கோடையிலும் இரவை நன்றாகக் குளிர வைத்துவிடும். கோபுரத்தின் ஒரு நீண்ட முகம் வடமேற்கையும் மற்றது தென்கிழக்கையும் பார்க்கிறது. காற்று வடமேற்கில் நுழைந்து தென்கிழக்கில் வெளியேறும். தென்கிழக்கு முகத்தில் வெயிலைத் தடுக்க ஓட்டை போட்ட துருப்பிடிக்காத எஃகுத் திரை, வடமேற்கில் கண்ணாடித் துடுப்புகள். கணினியே ஜன்னல்களைத் திறந்து மூடும். ஊழியர்களும் தங்கள் கைக்கெட்டும் ஜன்னலைத் திறந்துகொள்ளலாம். மூடிய அறைகளையெல்லாம் நடுவில் வைத்து, அவற்றின் சுவர்களைக் கூரை வரை எழுப்பாமல் விட்டார்கள், காற்று தலைக்கு மேலே தாண்டிப் போவதற்காக. முதல் ஐந்து மாடிகளுக்கு மட்டும் வழக்கமான ஏசி.

பெர்க்லி ஆய்வகத்தின் கணக்கில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. காற்று மட்டும் போதுமா, உள்ளேயே புகைபோக்கிபோல் சூடான காற்று மேலே ஏறும் வழிகளும் வைக்க வேண்டுமா, வெளியே தனியாக ஒரு காற்றுத் தண்டு வேண்டுமா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். குறுக்குக் காற்றை வைத்து இரவில் குளிர வைத்தாலே வருடத்தில் சில நாட்கள் தவிர மற்ற நாட்களெல்லாம் சமாளித்துவிடலாம், மற்ற ஏற்பாடுகளால் பெரிதாக எதுவும் கூடவில்லை என்று முடிவு வந்தது. மெக்கானிக்கல் ஆட்களுக்கு இது செலவு மிச்சம். ஸ்ட்ரக்சுரல் பக்கம் இதன் மதிப்பு வேறு. ஒவ்வொரு மாடியிலும் புகைபோக்கிக்கு இடம் விட்டால் ஸ்லாபில் ஓட்டை விழும். பூகம்பத்தின்போது மாடி முழுவதையும் ஒரே தட்டாக வைத்து, சக்தியைச் சுவர்களுக்கும் தூண்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஸ்லாப்தான். ஒல்லியான தட்டில் பெரிய ஓட்டைகள் போட்டால் அதன் கதி தெரிந்ததே.

ஸ்லாப் செய்யும் இரண்டாவது வேலை

பகலில் ஆட்கள், கணினிகள், விளக்குகள் எல்லாம் வெப்பத்தைக் கக்குகின்றன. அதைக் கான்கிரீட் கூரை உறிஞ்சிக்கொள்கிறது. இரவில் ஜன்னல்கள் திறக்கின்றன, கடல் காற்று கூரையைத் தடவிக்கொண்டே போய் அதைக் குளிர வைக்கிறது. காலையில் ஆட்கள் வரும்போது தலைக்கு மேல் ஒரு பெரிய குளிர்ந்த கல் காத்திருக்கிறது.

இது எவ்வளவு தாங்கும் என்று பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் ஸ்லாபில் அடியிலிருந்து 100 மி.மீ. ஆழத்தை எடுத்துக்கொள்வோம். எடை 240 கிலோ. ஒரு கிலோ கான்கிரீட்டை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 0.9 கிலோ ஜூல் வேண்டும். ஆக ஒரு டிகிரிக்கு 216 கிலோ ஜூல், அதாவது 60 வாட்-மணி. காலைக்கும் மாலைக்கும் இடையே ஸ்லாப் 3 டிகிரி ஏறுகிறது என்று வைத்தால் 180 வாட்-மணி. ஒன்பது மணி நேர அலுவலகத்தில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 20 வாட். பத்து சதுர மீட்டருக்கு ஒருவர் உட்கார்ந்தால், அவர் உடல் சூடு சதுர மீட்டருக்கு ஏழு எட்டு வாட். மடிக்கணினியும் அளவான விளக்கும் சேர்த்தாலும் 20க்குள் அடங்கிவிடும். மிகப் பெரிய எண் ஒன்றும் இல்லை. வெயில் நேராக உள்ளே விழுந்தால் கணக்கு உடைந்துவிடும். அதனால்தான் அந்த எஃகுத் திரையும் இந்தக் கணக்கின் பகுதி.

இன்னொரு இடமும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. அறையிலிருந்து கூரைக்கு வெப்பம் தானாகப் பாய இரண்டுக்கும் இடையே வித்தியாசம் வேண்டும். ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு எட்டு வாட் அளவில்தான் போகும். 20 வாட் போக வேண்டுமென்றால் அறையைவிடக் கூரை இரண்டரை டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இடையில் ஃபால்ஸ் சீலிங் வந்தால், மெல்லிய பலகையாக இருந்தாலும், இந்தப் பாய்ச்சல் கிட்டத்தட்ட நின்றுவிடும். கான்கிரீட் அறையைப் பார்த்துக்கொண்டு வெறுமையாக இருக்க வேண்டும். அழகுக்காக ஒரு பலகை, சத்தம் குறைய ஒரு பஞ்சு மெத்தை என்று யாராவது பிறகு ஒட்டினால் அன்றோடு ஏசி போன மாதிரி.

பீம் கீழே தொங்கினால் என்ன? காற்று கூரையை ஒட்டித்தான் ஓட வேண்டும். வழியில் குறுக்கே 600 மி.மீ. பீம் ஒன்று இறங்கினால் காற்று அதில் மோதி, கீழே திரும்பி, ஊழியரின் கழுத்தில் விழும். பீமுக்குப் பின்னால் இருக்கும் கூரைக்குக் காற்று படாது. அதனால் பீமை மேலே தூக்கிப் போட்டார்கள். ஸ்லாபின் அடிப்பரப்பு தடையில்லாமல் கிடைத்தது. மேலே எழுந்து நிற்கும் பீம்களுக்கு இடையே உள்ள பள்ளத்தை உயர்த்திய தரையால் மூடி, அதற்கு அடியில் வயர்களையும் குழாய்களையும் ஓட்டினார்கள். வழக்கமாகத் தலைக்கு மேல் வீணாகும் உயரம் காலுக்கடியில் வேலைக்கு உதவியது.

சரி, தலைகீழ் பீம் என்றால் வழக்கமான பீமைப் புரட்டிப் போட்டால் முடிந்ததா? இல்லை. டிசைன் மேசையில் நான்கு விஷயங்கள் மாறுகின்றன.

ஸ்லாபும் பீமும் சேர்ந்து ஆங்கில T எழுத்துபோல் நிற்கும் வழக்கமான டி பீமில் நடுப்பகுதியில் அழுத்தம் மேலே வரும், அங்கே அகலமான ஸ்லாப் இருந்து தாங்கிக்கொள்ளும். தலைகீழ் பீமில் ஸ்லாப் கீழே, இழுவை வரும் பக்கத்தில் இருக்கிறது. கான்கிரீட்டுக்கு இழுவை ஆகாது. நடுப்பகுதியில் பீமின் ஒல்லியான மேல் முதுகு மட்டுமே அழுத்தத்தைத் தாங்க வேண்டும். தூணுக்குப் பக்கத்தில் நிலைமை தலைகீழ். அழுத்தம் கீழே வருவதால் ஸ்லாபின் அகலம் கைகொடுக்கும். கம்பி விவரம் போடும்போது பழக்கத்தில் கை போகிற போக்கில் போட்டால் இங்கே மாட்டிக்கொள்வோம்.

இரண்டாவது, சுமை மாறும் வழி. வழக்கத்தில் ஸ்லாப் பீமின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். இங்கே ஸ்லாப் பீமின் காலைப் பிடித்துத் தொங்குகிறது. ஸ்லாபின் பாரம் முழுவதையும் மேலே தூக்கிக் கொடுக்க ஸ்டிரப் என்ற கம்பி வளையங்கள் வேண்டும். வெட்டு விசைக்கு வேண்டிய வளையங்களுக்கு மேல் இதற்கென்று தனியாகக் கூட்ட வேண்டும். வளையம் ஸ்லாபின் கீழ்க் கம்பியைக் கட்டாயம் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். சைட்டில் கம்பி கட்டுகிறவரிடம் இதை ஒருமுறை வாயால் சொல்லிவிடுவது நல்லது, படத்தில் இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, விரிசல். இழுவைப் பக்கம் இருக்கும் அந்த ஸ்லாபின் அடிதான் ஊழியர் நிமிர்ந்து பார்க்கும் கூரை. பூச்சு இல்லை, பெயிண்ட் மூடாது. விரிசலின் அகலத்தைக் கணக்கில் கட்டுப்படுத்த வேண்டியது பலத்துக்காக மட்டும் இல்லை, கண்ணுக்காகவும்தான். நான்காவதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: ஸ்லாபின் கம்பிகள் பீமின் கீழ்ப் பலத்தைக் கூட்டிவிடுவதால், பூகம்பத்தில் தூணுக்கு முன் பீம் வளைய வேண்டும் என்ற விதியைச் சோதிக்கும்போது அதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அப்புறம் கான்கிரீட் போடும் முறை. ஸ்லாபையும் மேலே எழும் பீமையும் ஒரே நேரத்தில் போட்டால், பீமின் பக்கப் பலகைகள் அந்தரத்தில் நிற்க வேண்டும். வைப்ரேட்டரை இறக்கினால் பீமின் கான்கிரீட் ஸ்லாப் பக்கமாகப் பிதுங்கி வரும். ஸ்லாபை முதலில் போட்டு, மறுநாள் பீமை எழுப்பினால் இரண்டுக்கும் நடுவே இணைப்பு வரும், அதைச் சொரசொரப்பாக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டிலும் தொல்லை இருக்கிறது. வளைந்த அடிப்பரப்பு என்பதால் சென்ட்ரிங்கும் தட்டையான பலகை வேலை இல்லை. கான்கிரீட் சரியாக இறங்காமல் தேன்கூடுபோல் ஓட்டை விழுந்தால் பூசி மறைக்க முடியாது.

பாதி சிமென்ட், பாதி கசடு

இந்தக் கட்டடத்தின் கான்கிரீட்டில் சிமென்ட்டில் பாதியை எடுத்துவிட்டு இரும்பு உருக்காலைக் கசடை அரைத்துப் போட்டார்கள். ஒரு டன் போர்ட்லண்ட் சிமென்ட் தயாரித்தால் ஏறக்குறைய 0.8லிருந்து 0.9 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், கசடுக்கு அதில் சிறு பங்குதான். அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். இங்கே கூடுதலாகக் கிடைத்தது நிறம். கசடு கலந்த கான்கிரீட் வெளிர் நிறமாக இருக்கும். ஜன்னலில் நுழைந்த வெளிச்சம் அந்தக் கூரையில் பட்டு உள்ளே தள்ளிப் போகும். பெயிண்ட் அடிக்காமலே வெள்ளையடித்த பலன்.

சைட்டில் இருப்பவருக்குக் கசடு வேறு மாதிரி தெரியும். அது சோம்பேறி. முதல் சில நாட்கள் பலம் மெதுவாகத்தான் ஏறும், குளிர்ந்த ஊரில் இன்னும் மெதுவாக. சென்ட்ரிங்கை வழக்கமான நாளில் கழற்ற முடியாது. அடுத்த மாடியின் முட்டுக்கள் காத்திருக்கும், காலண்டர் நீளும். மாதங்கள் போனால் நேர்மாறாக, சாதாரணக் கலவையைவிட அதிகப் பலமே கிடைக்கும். பலகையைக் கழற்றிய புதிதில் நீலப்பச்சை நிறம் தெரியும், காற்றுப் பட்டுச் சில நாட்களில் வெளுத்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், முதல் மாடியைப் பார்க்க வரும் வாடிக்கையாளர் பயந்துபோவார்.

எடை வேண்டுபவரும் வேண்டாதவரும்

இனி பெரிய சண்டைக்கு வருவோம். 1906 ஏப்ரல் 18 அன்று இந்த ஊரை அழித்த பூகம்பத்தின் அளவு சுமார் 7.9. 1989 அக்டோபர் 17ல் வந்த லோமா பிரீட்டா 6.9. ஃபெடரல் பில்டிங்குக்கு எதிரே, தெருவைத் தாண்டினால் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிற்கிறது. 1905ல் கட்டியது. 1906ல் தப்பித்தது, 1989ல் அடிபட்டு மூட வேண்டியதாயிற்று. பிறகு முழுக் கட்டடத்தையும் தூக்கி, நில அதிர்வு மேலே ஏறாமல் குறைக்கும் 256 ஊசல் வகைத் தாங்கிகளின் மேல் உட்கார வைத்தார்கள். புதிய கட்டடத்தின் இன்ஜினியருக்கு இதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை தேவையில்லை.

பூகம்ப விசை என்பது எடையைப் பொறுத்தது. கட்டடம் எவ்வளவு கனமோ அவ்வளவு பலமாக அது தன்னைத்தானே உலுக்கிக்கொள்ளும். ஆகவே பூகம்பம் பார்க்கும் இன்ஜினியருக்கு இலேசான கட்டடம் வேண்டும்: எஃகுச் சட்டம், மெல்லிய தளம். வெப்பம் பார்க்கும் இன்ஜினியருக்குக் கனமான கான்கிரீட் வேண்டும். ஒரே ஸ்லாபைப் பற்றி இருவரும் எதிரெதிராகக் கேட்கிறார்கள்.

இதற்கு விடை ஆழத்தில் இருக்கிறது. பகல் ஏறி இரவு இறங்கும் 24 மணி நேரச் சுற்றில் வெப்பம் கான்கிரீட்டுக்குள் போவது ஏறக்குறைய 100 மி.மீ. வரைதான் பயன் தரும். அதற்கு மேல் உள்ள கான்கிரீட்டுக்கு வெப்பச் செய்தி போய்ச் சேருவதற்குள் இரவு வந்துவிடும். வெப்பத்தின் பெயரைச் சொல்லி ஸ்லாபைத் தடியாக்குவதில் அர்த்தமில்லை. சுமைக்கு என்ன தடிமன் வேண்டுமோ அதுவே வெப்பத்துக்கும் போதும். தடிமனைக் கூட்டாமல் பரப்பைக் கூட்டலாம், அந்த அலை வடிவம் அதைத்தான் செய்கிறது. அதே எடைக்குக் காற்றோடு உரசும் பரப்பு அதிகம், வளைவால் ஸ்லாபுக்கு விறைப்பும் அதிகம்.

பக்கவாட்டு விசையை எங்கே தடுப்பது என்பது அடுத்த கேள்வி. கான்கிரீட் கட்டடத்துக்கு மிகச் சிக்கனமான தடுப்பு ஷியர் வால், அதாவது பக்கவாட்டு விசையைத் தாங்க எழுப்பும் கான்கிரீட் சுவர். ஒல்லியான, நீளமான, குறுக்கே காற்று ஓட வேண்டிய கட்டடத்தில் அதை இஷ்டப்படி வைக்க முடியாது. அகலத்தின் திசையில் வைத்த சுவர் காற்றோடு இணையாகப் போகும், தொந்தரவு இல்லை. ஒல்லியான திசையில்தான் தடுப்பும் அதிகம் தேவை, அதனால் அது வரவேற்கத் தக்கதே. நீளத்தின் திசையில் ஒரு சுவர் வைத்தால் அது காற்றுக்கு நடுவில் அணை கட்டியதுபோல் ஆகிவிடும். அங்கே தூணும் பீமும் விறைப்பாகச் சேர்ந்த சட்டங்களைத்தான் நம்ப வேண்டும். மாடியின் வரைபடத்தில் சுவர் எங்கே கறுப்பாக இருக்கிறது என்று பார்த்தாலே காற்று எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடலாம்.

இது அரசுக் கட்டடம் என்பதால் மூன்றாவது ஒரு ஆளும் மேசையில் உட்காருகிறார். 1995 ஏப்ரல் 19ல் ஓக்லஹோமா நகரில் ஆல்ஃபிரட் மர்ரா ஃபெடரல் பில்டிங் முன்னால் லாரிக் குண்டு வெடித்தது. 168 பேர் இறந்தார்கள். முன்பக்கத்தில் ஒன்றுவிட்டு ஒரு தூணை மூன்றாம் தளத்தில் ஒரு பெரிய பீம் தாங்கிக்கொண்டிருந்தது. கீழே தூண்கள் போனதும் அந்த பீம் போயிற்று, பீமோடு மேலே இருந்த மாடிகளெல்லாம் சரிந்தன. வெடிப்பைவிடச் சரிவே அதிக உயிர்களை எடுத்தது. அதற்குப் பிறகு அமெரிக்க மத்திய அரசுக் கட்டடங்களில் ஒரு தூண் இல்லாமல் போனாலும் மற்றவை பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. தொடர்ச்சியான கம்பிகளோடு, ஒரே வார்ப்பாக நிற்கும் கான்கிரீட் சட்டத்துக்கு இது ஒத்துப்போகும் விஷயம். ஆனால் ஊழியர் திறக்கக்கூடிய ஜன்னலும் பாதுகாப்பு அதிகாரியும் ஒத்துப்போவது கொஞ்சம் சிரமம். தெருவை ஒட்டிய கீழ்மாடிகளை ஏசியோடு மூடி வைத்ததில் சத்தம், தூசி, காற்றுக் குறைவு எல்லாவற்றோடும் இதற்கும் வசதி.

லிஃப்ட் விஷயத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். பெரும்பாலான லிஃப்ட்கள் மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும், மேலேயோ கீழேயோ ஒரு மாடி நடந்துகொள்ள வேண்டும். முடியாதவர்களுக்கு எல்லா மாடியிலும் நிற்கும் லிஃப்ட் தனியாக இருக்கிறது. ஆட்களை நடக்க வைக்கும் யோசனை என்றார்கள். எனக்கு அது கட்டடக் கலைஞரின் பிடிவாதமாகத்தான் தெரிகிறது.

உட்கார்ந்தவர்கள் சொன்னது

குடியேறிய பிறகு வந்த செய்திகள் இனிப்பாக இல்லை. ஒரு பக்கம் சூடு, இன்னொரு பக்கம் குளிர் என்று ஊழியர்கள் புகார் சொன்னார்கள். கண்கூச்சம் தாங்காமல் சிலர் மேசையிலேயே குடை விரித்து வைத்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. பரிசுகள் வாங்கிய கட்டடத்துக்குள் குடை! சிரிப்பதா வருந்துவதா தெரியவில்லை.

ஸ்ட்ரக்சர் தன் பங்கைச் செய்துவிட்டது, தப்பு வேறு யாருடையதோ என்று கைகழுவ எனக்கு மனம் வரவில்லை. 65 அடி அகலம் வெளிச்சத்தைக் கொண்டுவந்தது, கூடவே கூச்சத்தையும். கொழுத்த கட்டடத்தில் ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார ஒரு இடமாவது கிடைக்கும், இங்கே எல்லோருமே ஜன்னலோரம். வெறும் கான்கிரீட் சூட்டை உறிஞ்சும், சத்தத்தை உறிஞ்சாது. அறைச் சுவர்கள் கூரையைத் தொடாததால் ஒருவர் போனில் பேசுவது அடுத்தவர் காதுக்கும் காற்றோடு போகும். ஒரே ஜன்னலுக்கு இரண்டு எஜமானர்கள், கணினியும் ஊழியரும். பக்கத்து மேசைக்காரருக்குக் குளிர்கிறது, இவருக்கு வியர்க்கிறது. ஸ்லாபின் கணக்கில் 3 டிகிரி ஏற்ற இறக்கம் என்று நாம் சுலபமாக எழுதினோமே, அந்த 3 டிகிரியில்தான் ஒருவர் எட்டு மணி நேரம் உட்காருகிறார்.

ஐந்து வருடம் கழித்து, நடந்து போகும் தூரத்தில்

அதே ஊரில் கோல்டன் கேட் அவென்யூ 525ஆம் எண்ணில் நகரின் தண்ணீர் வாரியமான பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2012ல் தன் தலைமையகத்தைத் திறந்தது. 13 மாடி, 2,77,500 சதுர அடி, பசுமைக் கட்டடத் தரத்தில் உயர்ந்த பிளாட்டினம். கழிவுநீரைக் கட்டடத்திலேயே செடிகளும் நுண்ணுயிரிகளும் கொண்ட தொட்டிகளில் சுத்தம் செய்து கழிவறைக்குத் திருப்புகிறார்கள், ஒரு நாளைக்கு சுமார் 5,000 கேலன். இந்தக் கட்டடத்தை விட்டுவிட்டு முந்தையதை மட்டும் பேசினால் கதை பாதியில் நிற்கும்.

முதலில் இதற்கு எஃகுச் சட்டமும் அதிர்வைக் குடிக்கும் திரவ டாம்பர்களும்தான் திட்டம். செலவு எகிறவே, டிப்பிங் மார் என்ற ஸ்ட்ரக்சுரல் நிறுவனம் கான்கிரீட்டுக்கு மாற்றிக் காட்டியது. சிமென்ட்டின் பெரும்பகுதியைக் கசடும் அனல்மின் நிலையச் சாம்பலும் பிடித்துக்கொண்டன. வெறும் கான்கிரீட் கூரை, உயர்த்திய தரைக்கு அடியில் காற்று. இதுவரை பழைய கதைதான். புதிது லிஃப்ட் தண்டைச் சுற்றிய சுவர்களில் இருந்தது. அவற்றுக்குள் மேலிருந்து கீழ்வரை உயர்பலக் கம்பி வடங்களை ஓட்டி, இழுத்து முறுக்கிக் கட்டினார்கள்.

சாதாரண ஷியர் வால் பெரிய பூகம்பத்தில் என்ன செய்யும்? அடியில் உள்ள கம்பிகள் நீண்டு, நெளிந்து, அந்த நீட்சியில் ஆற்றலைத் தின்றுவிடும். அதனால் ஆட்கள் பிழைப்பார்கள். ஆனால் நீண்ட கம்பி திரும்பச் சுருங்காது. கட்டடம் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி நின்றுவிடும். முறுக்கிய வடம் உள்ளே இருந்தால் நிலைமை வேறு. புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஓட்டை போட்டு ரப்பரை இழுத்துக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளினால் அடியில் ஒரு பக்கம் வாய் திறக்கும், விட்டால் ரப்பர் இழுத்து மூடிவிடும். வடம் அதன் மீளும் எல்லைக்குள் இருக்கும்வரை சுவர் நேராகத் திரும்பி வரும்.

நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சைப் பாருங்கள். 2011 பிப்ரவரிப் பூகம்பத்தில் விதிப்படி கட்டிய பெரும்பாலான கட்டடங்கள் இடிந்து விழவில்லை. ஆனாலும் பிறகு நகர மையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை இடித்துத் தள்ளினார்கள். சாய்ந்த கட்டடத்தை நிமிர்த்துவதைவிட இடிப்பது மலிவு. கசடு போட்டு மிச்சம் பிடித்த கார்பன், இருபது வருடம் ஏசி ஓட்டாமல் மிச்சம் பிடித்த மின்சாரம் எல்லாம் அந்த ஒரு இடிப்பில் போய்விடும். தண்ணீர் வாரியத்தின் தலைமையகம் பூகம்பத்துக்கு மறுநாள் திறந்திருக்க வேண்டிய கட்டடம் என்பதும் கூட.

ஃபெடரல் பில்டிங்குக்கு 2022ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்த நான்சி பெலோசியின் பெயரைச் சூட்டினார்கள். எதிரே நீதிமன்றம் தன் 256 தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கொஞ்ச தூரத்தில் வடங்கள் முறுக்கேறி நிற்கின்றன. ஆணையக் கட்டடமும் சரி, ஃபெடரல் பில்டிங்கும் சரி, 1906ல் வந்ததைப்போன்ற ஒன்றை இன்னும் பார்க்கவில்லை.